அணை கட்டாமல் விட்ட கணக்கு: சார்ல்ஸ் ஆற்றுச் சதுப்பு நிலங்கள்

ஆற்றில் வெள்ளம் என்று யாராவது முறையிட்டால் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை அணைக்கு இடம் பார்க்கத் தொடங்கிவிடும். அந்தப் படை வளர்ந்த விதம் அப்படி. கான்கிரீட், மண்கரை, மதகு, பம்பு இவைதான் அவர்கள் தொழில். அப்படிப்பட்டவர்கள் 1972இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன் நகரை ஒட்டி ஓடும் சார்ல்ஸ் ஆற்றைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஆற்றின் மேல்பகுதியிலும் நடுப்பகுதியிலும் புதிதாக எதையும் கட்ட வேண்டாம், அங்கே இருக்கிற சதுப்பு நிலங்களை வாங்கி அப்படியே விட்டுவிடலாம் என்பது பரிந்துரை. பறவைகள் மேல் வந்த பரிவால் எழுதியது அல்ல அது. கூட்டிக் கழித்துப் பார்த்தபோது அதுதான் மலிவாக இருந்தது.

திறந்தவெளியைக் காப்பதில் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பதில்களில் சுத்தமான காற்று, மன அமைதி, பக்கத்து மனைகளின் விலை உயர்வு எல்லாம் வரும். பொய்யில்லை. ஆனால் பட்ஜெட் கூட்டத்தில் அவை எடுபடுவதில்லை. சார்ல்ஸ் ஆற்றின் கதையை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இங்கே பணத்தைக் கையில் வைத்திருந்தவர்களே கணக்குப் போட்டு, அதன்படி செலவும் செய்தார்கள். ஐம்பது ஆண்டு கழிந்துவிட்டதால் அந்தக் கணக்கு எங்கே சரி, எங்கே இடிக்கிறது என்றும் பார்க்க முடிகிறது.

ஆறு எப்படிப்பட்டது

ஹாப்கின்டன் என்ற ஊரில் தொடங்கி பாஸ்டன் துறைமுகத்தில் முடிகிறது சார்ல்ஸ். நேர்கோட்டில் அளந்தால் 42 கிலோமீட்டர்தான். ஆறோ வளைந்து, திரும்பி, சில இடங்களில் வந்த திசைக்கே போய், ஏறக்குறைய 129 கிலோமீட்டர் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு தூரத்துக்கும் மொத்த இறக்கம் நூறு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. பனிப்பாறைகள் உருகிப் போனபோது விட்டுச்சென்ற தட்டையான நிலம் இது. அதனால் மெட்ஃபீல்ட், மில்லிஸ், நார்ஃபோக் போன்ற ஊர்களில் ஆற்றின் இரு பக்கமும் அகலமான சதுப்புகள் படர்ந்திருக்கின்றன. கோரை, புதர், காலை வைத்தால் முழங்கால் வரை இறங்கும் கரிமண்.

கீழ்ப்பகுதி வேறு உலகம். பாஸ்டனும் கேம்பிரிட்ஜும் சதுப்பைத் தூர்த்து எழுப்பிய நகரங்கள். பேக் பே (பின் விரிகுடா) என்ற பகுதியின் பெயரிலேயே அது ஒரு காலத்தில் தண்ணீராக இருந்தது தெரியும். எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் நிற்கிற இடமும் தூர்த்த நிலம்தான். அங்கே மழை பெய்தால் உறிஞ்ச ஒன்றுமில்லை. கூரையிலிருந்து சாலை, சாலையிலிருந்து வடிகால், வடிகாலிலிருந்து ஆறு.

(இந்த ஆற்றில் மனிதர் கை வைப்பது புதிதல்ல. டெடம் ஊர்க்காரர்கள் தங்கள் மாவு ஆலைக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1639லேயே ஒரு கால்வாய் வெட்டி, சார்ல்ஸின் ஒரு பங்கு நீரைப் பக்கத்து நெபான்செட் ஆற்றுக்குத் திருப்பிவிட்டார்கள். 'மதர் புரூக்' என்ற அந்தக் கால்வாய் இன்னும் ஓடுகிறது. வெள்ளக் காலத்தில் சார்ல்ஸின் சுமையையும் குறைக்கிறது.)

இரண்டு வெள்ளம்

1955 ஆகஸ்டில் டயான் என்ற புயல் வந்தது. வடகிழக்கு மாநிலங்களில் 180 பேருக்கு மேல் இறந்தார்கள். மாசசூசெட்ஸின் வெஸ்ட்ஃபீல்டில் மட்டும் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அந்தப் புயலுக்குப் பிறகு, மாசசூசெட்ஸ் உள்ளிட்ட நியூ இங்கிலாந்து வட்டார ஆறுகளில் ஒன்றன்பின் ஒன்றாக அணைகள் எழுந்தன. சார்ல்ஸின் முறை வந்தபோது காலம் 1965 ஆகிவிட்டது. அந்த ஆண்டில்தான் ஆய்வுக்கு அனுமதி கிடைத்தது. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே 1968 மார்ச்சில் ஆறு மறுபடி பெருகியது. பொறியாளர்களுக்கு இது தேடிப் போனாலும் கிடைக்காத வாய்ப்பு. பழைய பதிவேடுகளை வைத்து ஊகிக்க வேண்டியதைக் கண்ணால் பார்த்தார்கள்.

பார்த்தது இதுதான். கீழே நகரப் பகுதியில் மழை நின்ற சில மணி நேரங்களில் வெள்ளம் உச்சத்துக்கு வந்து இறங்கத் தொடங்கியது. மேலே பெய்த தண்ணீர் அப்போது நகரத்தை எட்டவே இல்லை. அது சதுப்புகளில் பரவி நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, நாட்கள் கழித்து, கீழே எல்லாம் வடிந்த பிறகு வந்து சேர்ந்தது. ஒரே ஆற்றில் இரண்டு வெள்ளம், ஒன்று போன பிறகு மற்றொன்று.

சதுப்பு நிலத்தைப் 'பஞ்சு' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த உவமையில் உடன்பாடில்லை. மழைக்காலத்தில் சதுப்பின் மண் ஏற்கனவே நிறைந்துதான் இருக்கும். அது இன்னும் எவ்வளவு குடித்துவிடும்? வேலை செய்வது மண்ணுக்கு மேலே இருக்கிற காலி இடம். ஆயிரக்கணக்கான ஏக்கரில் தண்ணீர் ஓரிரு அடி உயர்ந்தாலே பெரிய கொள்ளளவு. வெளியேறும் வழி குறுகல், கோரையும் புதரும் வேகத்தைக் குறைக்கும். பஞ்சைவிட, பெரிய தாம்பாளத்தில் சிறிய ஓட்டை போட்டது என்று நினைத்தால் சரியாக இருக்கும். பஞ்சு உவமையை நம்பினால் வேறு ஆபத்தும் உண்டு: 'மண்ணைத்தானே காக்க வேண்டும், ஓரமாக நாலு தூண் நிறுத்தி மேலே கட்டிக்கொள்கிறோம், பக்கத்தில் கொஞ்சம் மட்டும் நிரப்பிக்கொள்கிறோம்' என்று ஒருவர் வாதாடலாம். நிரப்புகிற ஒவ்வொரு லாரி மண்ணும் அதே அளவு தண்ணீருக்கான இடத்தை எடுத்துக்கொள்கிறது.

மேலே இருக்கிற சதுப்புகளைத் தூர்த்து வீடு கட்டினால் என்ன ஆகும்? மேல் வெள்ளம் காத்திருக்காது. கீழ் வெள்ளத்தோடு சேர்ந்து ஒரே நேரத்தில் நகரத்துக்குள் வரும். இது கற்பனை பயமும் இல்லை. 495ஆம் எண் நெடுஞ்சாலை அப்போதுதான் ஃபிராங்க்ளின், பெல்லிங்ஹாம் பக்கமாகப் போடப்பட்டிருந்தது. பாஸ்டனில் வேலை, அங்கே வீடு என்று மனை வாங்குவோர் வரத் தொடங்கியிருந்தார்கள்.

பத்து கோடியா, ஒரு கோடிக்குள்ளா

சதுப்புகள் செய்யும் வேலையைக் கட்டுமானத்தால் செய்வதாக இருந்தால் 55,000 ஏக்கர்-அடி கொள்ளளவுள்ள நீர்த்தேக்கமும் கரைகளும் வேண்டும் என்று பொறியாளர்கள் கணித்தார்கள். நம் வழக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 2.4 டி.எம்.சி. பூண்டி நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவு 3.2 டி.எம்.சி. என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். செலவு பத்து கோடி டாலர். எழுபதுகளின் டாலர்.

மாற்றாக, வெள்ளத்தைத் தாங்கும் முக்கியமான சதுப்புகளைப் பொறுக்கியெடுத்து வாங்குவது. 1974 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கு அனுமதி கொடுத்தது. 1977இல் வாங்கத் தொடங்கி 1983இல் முடித்தார்கள். 17 இடங்களில் சிதறிக் கிடந்த 8,103 ஏக்கர். மொத்தச் செலவு சுமார் 83 லட்சம் டாலர், அதாவது ஏக்கருக்கு ஆயிரம் டாலரை ஒட்டி. அணைச் செலவில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

இந்தச் சதுப்புகள் எல்லாம் போய்விட்டால் ஆண்டுதோறும் கூடுதலாக 1.7 கோடி டாலர் வெள்ளச் சேதம் வரும் என்பது படையின் மதிப்பீடு. அதை அப்படியே ஏற்றால் வாங்கிய செலவு ஆறே மாதத்தில் திரும்பிவிடுகிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1.7 கோடி என்பது 'எல்லாமே போய்விட்டால்' என்ற நிலைக்கான எண். சதுப்புகள் ஒரே நாளில் போவதில்லை. அரசு வாங்காவிட்டாலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். 1972லேயே மாசசூசெட்ஸ் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. ஆகவே வாங்கியதால் மட்டும் கிடைத்த பலன் அந்த எண்ணைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பாதியாக வைத்தாலும், பாதியில் பாதியாக வைத்தாலும்கூட வாங்கியது லாபம் என்பதில் மாற்றம் வராது. ஒரு முடிவு சரியா என்று பார்க்க நான் நம்புகிற சோதனை இதுதான்: எண்ணைக் கடுமையாக வெட்டிப் பார், அப்போதும் நிற்கிறதா என்று.

சட்டம் இருக்கும்போது ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது ஒவ்வொரு ஊரிலும் உள்ள பாதுகாப்புக் குழு. பெரும்பாலும் சம்பளம் இல்லாத உள்ளூர்க்காரர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் தனியாக வரும், நிபந்தனைகளோடு அனுமதி போகும். ஒரு வீடு, ஒரு சாலை, ஒரு கடை வாகன நிறுத்தம் என்று தனித்தனியே பார்த்தால் எதுவும் ஆற்றைக் கெடுத்துவிடாது. கூட்டிப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள். விலைக்கு வாங்குவது அந்தப் பேரத்தையே முடித்துவிடுகிறது.

வாங்கிய முறையும் கவனிக்கத் தக்கது. 8,103 ஏக்கரில் 3,221 ஏக்கரை மட்டுமே அரசு முழுதாகக் கிரயம் செய்தது. மற்ற 4,882 ஏக்கர் உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது. அங்கே கட்டும் உரிமையையும் நிரப்பும் உரிமையையும் மட்டும் அரசு விலை கொடுத்து எடுத்துக்கொண்டது. அவர் அங்கே நடக்கலாம், படகு விடலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். மண் அடிக்க முடியாது. சதுப்பில் எப்படியும் பயிர் செய்யப் போவதில்லை என்பவர்களுக்கு இது வராத பணம் வந்த மாதிரி.

கீழ்ப்பகுதிக்கு என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கதை பாதிதான். அங்கே காப்பதற்குச் சதுப்பு மிஞ்சியிருக்கவில்லை. அதனால் அதே பொறியாளர்கள் ஆற்று முகத்தில் புதிய அணையையும், கடல் ஏறும்போது ஆற்று நீரை வெளியே தள்ள ஆறு பெரிய பம்புகளையும் அமைத்தார்கள். 1978இல் அது இயங்கத் தொடங்கியது. மேலே உள்ள வெள்ளம் தாமதமாக வருவதால்தான் அந்தப் பம்புகள் சமாளிக்கின்றன. இரண்டும் ஒரே திட்டத்தின் இரு கைகள்.

ஏக்கருக்கு என்ன மதிப்பு

இந்த ஆறு பொருளியலாளர்களையும் ஈர்த்தது. 1981இல் தைபோடோ, ஆஸ்ட்ரோ என்ற இருவர் சார்ல்ஸ் படுகைச் சதுப்பு ஒரு ஏக்கரின் மதிப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள். ஈரநிலப் பொருளியலில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் கணக்கு அது.

வெள்ளத் தடுப்புக்கு அவர்கள் போட்டது ஏக்கருக்கு 33,370 டாலர். வழி எளிது. ஆண்டுச் சேதம் 1.7 கோடியைச் சதுப்புப் பரப்பால் வகுத்தால் ஏக்கருக்கு இரண்டாயிரம் டாலர் சொச்சம் வரும். ஒவ்வொரு ஆண்டும் இரண்டாயிரம் வட்டி தருகிற வைப்புத்தொகை, 6 சதவீதத்தில், முப்பத்து மூவாயிரம் சொச்சமாக இருக்க வேண்டும். மாசு வடிகட்டுவதற்கு 16,960 டாலர். பொழுதுபோக்குக்கு 2,145 முதல் 38,469 வரை. இவ்வளவு அகலமான இடைவெளி விட்டதே அவர்களின் நேர்மை.

என்னை நிறுத்தியவை இரண்டு எண்கள். ஒன்று, பக்கத்து வீடுகளுக்குக் கிடைக்கும் அழகின் மதிப்பு: ஏக்கருக்கு 150 முதல் 480 டாலர் வரை மட்டுமே. பசுமைவெளியின் பொருளாதாரம் என்றாலே வீட்டு விலையைத்தான் முதலில் பேசுகிறோம். சார்ல்ஸில் அது அதிகபட்சமே வெள்ளத் தடுப்பு மதிப்பின் எழுபதில் ஒரு பங்கு அளவுதான். பின்கட்டில் சதுப்பு இருப்பவருக்குக் கொசுவும் ஈரமும் சேர்ந்தே கிடைக்கும். அதற்காக யாரும் கூடுதலாகக் கொடுக்கப் போவதில்லை. பலனை அனுபவிப்பவர் முப்பது கிலோமீட்டர் கீழே இருக்கிறார், அவருக்கு அந்தச் சதுப்பின் பெயர்கூடத் தெரியாது. சந்தை இந்த நிலத்துக்குச் சரியான விலை வைக்காமல் போவது இதனால்தான்.

இரண்டாவது, குடிநீர். இதற்கு 1,00,730 டாலர். மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் இதுவே. நடு சார்ல்ஸ் ஊர்கள் பல ஆற்றை ஒட்டிய கிணறுகளிலிருந்துதான் குடிக்கின்றன. கிணறு இல்லாவிட்டால் வெளியிலிருந்து தண்ணீர் வாங்க வேண்டும், அதன் கூடுதல் விலைதான் சதுப்பின் மதிப்பு என்று கணக்கிட்டார்கள். தர்க்கம் சரி. ஆனால் அதை எல்லா ஏக்கருக்கும் பெருக்க முடியாது. ஒவ்வொரு ஏக்கரிலும் கிணறு போட்டால் ஆறே வற்றிவிடும். கோடையில் சார்ல்ஸின் சில கிளைகள் மெலிவதற்கு ஊர்க் கிணறுகளும் ஒரு காரணம் என்று இன்று அங்கே பேச்சு இருக்கிறது. முதல் ஏக்கரின் மதிப்பு வேறு, எட்டாயிரமாவது ஏக்கரின் மதிப்பு வேறு. இந்தத் துறையில் வரும் பல பெரிய எண்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு ஏறத்தாழ 1,53,000 முதல் 1,90,000 டாலர். அதே காலத்தில் அரசு வாங்கிய விலை ஆயிரம் டாலரை ஒட்டி. நான் குடிநீர்க் கணக்கை முழுக்கத் தள்ளிவிட்டு, வெள்ளத்தை மட்டும் வைத்துப் பார்க்கிறேன். அப்படியும் முப்பது மடங்குக்கு மேல்.

ஊர்க் கஜானா

கூட்டாட்சி அரசின் கணக்கு சரியாக வந்தால் ஊரின் கணக்கும் சரியாக வரும் என்று இல்லை. மாசசூசெட்ஸ் ஊர்கள் பிழைப்பது சொத்து வரியில். பள்ளிக்கூடம், தீயணைப்பு, சாலை எல்லாம் அதிலிருந்துதான். மில்லிஸிலோ நார்ஃபோக்கிலோ சதுப்பு வரிப் பட்டியலிலிருந்து போனால் நஷ்டம் அந்த ஊருக்கு, லாபம் கீழே உள்ள ஊர்களுக்கு. நம் பக்கத்தில் ஏரிப் புறம்போக்கு என்று எழுதப்பட்ட நிலத்துக்கு நேர்வதும் இதன் உறவினர்தான்: வரவு காட்டாத இடம் என்பதால் எந்த அலுவலகத்துக்கும் அதன் மேல் அக்கறை பிறப்பதில்லை.

ஆனால் வீடு வந்தால் ஊர் பணக்கார ஊராகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். அமெரிக்க விளைநில அறக்கட்டளை இதைப் பற்றிச் சுமார் 150 ஊர்களின் ஆய்வுகளைத் தொகுத்திருக்கிறது. குடியிருப்புகளிலிருந்து வரும் ஒவ்வொரு டாலர் வரிக்கும் அவற்றுக்கான சேவைக்கு 1.16 டாலர் செலவாகிறது (ஆய்வுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண் இது). விளைநிலத்துக்கும் திறந்தவெளிக்கும் அது 35 சென்ட் அளவில். காரணம் புதிரல்ல, மாடும் மரமும் பள்ளிக்கூடம் போவதில்லை. இந்த ஆய்வுகளை நான் எச்சரிக்கையோடுதான் எடுப்பேன். வீடுகள் வேண்டாம் என்று சொல்ல வசதியான ஊர்களுக்கு இவை நல்ல சாக்கு. வீட்டுப் பற்றாக்குறையால் வாடகை ஏறும் செலவு இந்தக் கணக்கில் வராது. பாஸ்டன் சுற்றுவட்டாரத்தில் அது சின்னச் செலவும் இல்லை. சதுப்பில் கட்டாதே என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. மேட்டிலும் கட்டாதே என்பதற்கு அதே காரணத்தைக் கடன் வாங்கக் கூடாது.

மாநிலம் 2000இல் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் இந்த முடிச்சைக் கொஞ்சம் அவிழ்க்கப் பார்த்தது. ஊர் மக்கள் வாக்களித்தால் தங்கள் சொத்து வரி மேல் 3 சதவீதம் வரை கூடுதலாக விதித்துக்கொள்ளலாம், மாநிலமும் ஒரு பங்கு போடும். அந்தப் பணத்தைத் திறந்தவெளிக்கும், பழைய கட்டடங்களுக்கும், எளியவர் வீடுகளுக்கும் செலவிட வேண்டும். வீடும் வெளியும் ஒரே உண்டியலில் இருப்பதால், ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க முடியாது. மாநிலத்தின் ஊர்களில் பாதிக்கு மேல் இதை ஏற்றிருக்கின்றன. தன் வரியைத் தானே கூட்டிக்கொள்ள ஒருவர் வாக்களிக்கிறார் என்றால், எந்த ஆய்வாளரின் கேள்வித்தாளையும்விட அது நம்பத் தகுந்த மதிப்பீடு.

இன்று

வாங்கிய நிலத்தில் ஒரு பகுதியை மாநில வனவிலங்குத் துறை பார்த்துக்கொள்கிறது. மீன் பிடிப்பவர்களும் படகுக்காரர்களும் பறவை பார்ப்பவர்களும் வருகிறார்கள். வேலி அடித்து மூடிய இடம் கிடையாது.

2010 மார்ச்சில் அடுத்தடுத்துப் பெருமழை வந்து கிழக்கு மாசசூசெட்ஸ் முழுக்க நிலவறைகளில் தண்ணீர் ஏறியது. சார்ல்ஸ் கரையிலும் ஏறியது. திட்டம் தோற்றது என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. சதுப்பு இல்லாமல் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதுதான் கேள்வி. ஆனால் 8,103 ஏக்கர் என்ற எண் அன்றைய மழையை வைத்துப் போட்டது. மழையின் வேகம் கூடிவருகிறது. சதுப்புகளைச் சுற்றியுள்ள மேட்டு நிலங்களில் கூரையும் தாரும் கூடிவிட்டன. தாம்பாளம் அதே அளவு, ஊற்றுவது அதிகம்.

அதோடு அந்த 4,882 ஏக்கர். அங்கே நிலம் தனியாரிடம், உரிமையில் ஒரு துண்டு மட்டும் அரசிடம். பத்திரம் எழுதியவர்களில் பலர் இன்று இல்லை. வீடு இரண்டு, மூன்று கை மாறிவிட்டது. புதிதாக வந்தவர் கோடையில் காய்ந்து கிடக்கிற பின்கட்டைப் பார்க்கிறார், ஒரு கொட்டகை போடலாமே, புல்தரையைக் கொஞ்சம் நீட்டலாமே என்று தோன்றுகிறது. இரண்டு லாரி மண் போதும். எழுபதுகளில் எழுதிய அந்த நிபந்தனையை அவர் வாசித்திருக்கிறாரா என்பது ஒவ்வொரு விற்பனையின்போதும் புதிதாக எழும் கேள்வி.